பனியில் வழுக்கும் சைக்கிள்: விழுந்தது யாரோட தப்பு?

தமிழ்ல நமக்கு 'பனி'ங்கற ஒரே வார்த்தையை வெச்சு எல்லாத்தையும் சமாளிக்கற பழக்கம். மார்கழி விடிகாலைல புல்நுனியில நிக்கற துளியும் பனி. ஊட்டில ஜனவரி மாசம் புல்வெளியை வெள்ளையாக்கிட்டு, வெயில் ஏறினதும் காணாமப் போறதும் பனி. கனடால மூட்டை மூட்டையா கொட்டறதும் பனி, அது உறைஞ்சு கல்லு மாதிரி கிடக்கறதும் பனி. நம்ம ஊர் சைக்கிளுக்கு இந்த ஒரு வார்த்தை தாராளமா போதும்.

ஆனா வருஷத்துல அஞ்சு மாசம் வெள்ளையா கிடக்கற ஊர்ல சைக்கிள் ஓட்டறவங்களுக்கு இது போதாது. அவங்களுக்குக் குறைஞ்சது நாலு பனி இருக்கு.

1. புதுப்பனி: பஞ்சு மாதிரி இருக்கும். அஞ்சாறு சென்டிமீட்டர் வரைக்கும் சக்கரம் வெட்டிட்டுப் போயிடும். அதுக்கு மேல போனா மணல்ல மிதிக்கற மாதிரி தான்.
2. இறுகின பனி: பல சக்கரமும் கால்களும் பட்டு அழுந்தினது. நல்ல குளிர்ல இது ஏறக்குறைய மண்ரோடு மாதிரி. தைரியமா ஓட்டலாம்.
3. தடம் உறைஞ்ச பனி: பகல்ல உருகி, அதுல காரும் ஆளும் போய், ராத்திரி அந்தத் தடத்தோடவே கல்லா இறுகினது. முன்சக்கரம் இதுல மாட்டினா அது இழுத்த இழுப்புக்குத் தான் போகணும்.
4. கண்ணாடி ஐஸ்: தார் ரோட்டு மேல மெல்லிசா, கண்ணுக்கே தெரியாம படிஞ்சிருக்கறது. ஈர ரோடுன்னு நினைச்சு ஏறினா அடுத்த நொடி தரையில.

முதல் ரெண்டுல யாரும் பெருசா அடிபடறதில்ல. அடுத்த ரெண்டுல தான் மணிக்கட்டும் இடுப்பும் உடையுது. அப்படி விழுந்தா அது யாரோட தப்பு? பார்த்து ஓட்டத் தெரியாதவன் தப்பா, சரியான டயர் போடாதது தப்பா, இல்ல ரோட்டை அப்படிப் போட்டு வெச்சவங்க தப்பா? கடந்த 120 வருஷத்துல இந்தக் கேள்விக்கான பதில் மெல்ல மெல்ல இடம் மாறியிருக்கு. அந்தக் கதையைத் தான் இங்க எழுதப் போறேன்.

தங்கம் தேடிப் போன சைக்கிள்

இன்னைக்கு நாம ஓட்டற சைக்கிளோட அடிப்படை வடிவம் 1885ல இங்கிலாந்துல ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள்ல இருந்து வந்தது. 1888ல டன்லப் காத்தடிச்ச டயரைக் கொடுத்தார். 1890கள்ல ஐரோப்பா, அமெரிக்கா முழுக்க சைக்கிள் பைத்தியம். அதே நேரத்துல, 1896 ஆகஸ்ட்ல, கனடாவோட வடமேற்கு மூலையில க்ளாண்டைக் பகுதியில தங்கம் கிடைச்சுது. ஆயிரக்கணக்குல ஜனங்க கிளம்பிப் போய் டாசன்னு ஒரு ஊரே முளைச்சுது. போய்ச் சேர்ந்ததும் தான் தெரிஞ்சுது, நல்ல இடத்தையெல்லாம் முன்னாடியே யாரோ வளைச்சுப் போட்டுட்டாங்கன்னு.

அப்ப அடுத்த சேதி வந்துது. 1898ல அலாஸ்காவோட மேற்குக் கரையில நோம்ங்கற இடத்துல தங்கம். 1899ல அங்க கடற்கரை மணல்லயே தங்கம். டாசன்ல கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு அது போதாதா? ஆனா நடுவுல சுமார் 1,600 கி.மீ. குளிர்காலத்துல கப்பல் கிடையாது. யூக்கான் ஆறு உறைஞ்சு கிடக்கும், அது தான் நெடுஞ்சாலை. நாய் இழுக்கற சறுக்குவண்டியில போகலாம். ஆனா நாய் விலை அதிகம், தினமும் தீனி வேற போடணும். மத்தவங்க நடந்தாங்க. சில பேர் மட்டும் யோசிச்சாங்க: தீனி கேக்காத, குலைக்காத ஒரு வண்டி இருக்கே!

எட் ஜெஸ்ஸன்னு ஒருத்தர் 1900 பிப்ரவரில 150 டாலர் கொடுத்து சைக்கிள் வாங்கினார். அதுக்கு முன்னாடி ஓட்டிப் பழக்கம் கிடையாது. ஒரு வாரம் போல விழுந்து எழுந்து கத்துக்கிட்டு, நேரா யூக்கான் ஆத்து மேல இறங்கிட்டார். வழியில குளிர் மைனஸ் 40 டிகிரியையும் தாண்டிப் போச்சு. பேரிங்ல போட்ட எண்ணெய் உறைஞ்சு சக்கரம் சுத்த மறுத்துது, ரப்பர் விறைச்சுப் போச்சு. அந்த மாதிரி நாள்ல வழிச்சத்திரத்துல ஒதுங்கிட்டு, குளிர் கொஞ்சம் விட்டதும் கிளம்பினார். ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு, நோம் போய்ச் சேர்ந்துட்டார்.

அதே வருஷம் மார்ச் 2ஆம் தேதி டாசன்ல இருந்து கிளம்பினவர் மேக்ஸ் ஹிர்ஷ்பெர்க்ங்கற இளைஞர். இன்னும் முன்னாடியே கிளம்ப இருந்தவர். ஒரு தீ விபத்துல உதவி பண்ணப் போய் கால்ல ஆணி ஏறி, அது சீழ் வெச்சு, படுத்துட்டார். அந்தத் தாமதம் தான் அவருக்கு எமனா வந்துது. அவர் கடற்கரைப் பக்கம் போறதுக்குள்ள வசந்தம் வந்து ஐஸ் இளக ஆரம்பிச்சாச்சு. ஷாக்டூலிக் ஆத்துல தண்ணிக்குள்ள விழுந்து உயிர் பிழைச்சதே பெருசு. வெச்சிருந்த தங்கத்தூள் பை ஆத்தோட போச்சு. அப்புறம் செயின் அறுந்துது. மனுஷன் அசரலையே! போட்டிருந்த கோட்டை ஒரு குச்சியில பாய்மரம் மாதிரி விரிச்சு, பின்காத்துல நார்ட்டன் வளைகுடா ஐஸ் மேல பெடலே போடாம சைக்கிளை ஓட்டியிருக்கார். மே 19ஆம் தேதி நோம் வந்து சேர்ந்தார்.

இந்தக் கதைகளைச் சொல்றவங்க எல்லாம் 'என்ன ஒரு நெஞ்சுரம்'னு முடிச்சுடறாங்க. நெஞ்சுரம் இருந்துது, இல்லைன்னு சொல்லல. ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிங்க.

ஒண்ணு, இவங்க ஓட்டினது வெறும் பனி மேல இல்ல. நாய்வண்டிகள் திரும்பத் திரும்பப் போய் அழுத்தி வெச்ச, ஒரு அடி ரெண்டு அடி அகலமே இருந்த ஒற்றைத் தடத்து மேல. தடத்தை விட்டு விலகினா சக்கரம் புதைஞ்சுடும். அதாவது, முன்னாடி போனவங்க எல்லாரும் சேர்ந்து, தெரியாமலேயே, சைக்கிளுக்கு ரோடு போட்டுக் கொடுத்திருந்தாங்க.

ரெண்டு, கடுங்குளிர்ல போனவர் உறைஞ்சாலும் ஒழுங்கா போய்ச் சேர்ந்தார். குளிர் குறைஞ்ச பிறகு போனவர் தான் சாகப் பார்த்தார். பனியில குளிரை விட ஆபத்தானது வெதுவெதுப்பு. இது தலைகீழா தோணலாம். அடுத்த பகுதியில காரணம் பார்ப்போம்.

சக்கரத்துக்கு அடியில ஒரு கணக்கு

ஐஸ் ஏன் வழுக்குதுங்கறதை 'அழுத்தினா உருகுது'ன்னு ரொம்ப நாளா பாடப்புத்தகத்துல போட்டிருந்தாங்க. ஒரு ஆளோட எடை உண்டாக்கற அழுத்தத்துக்கு உருகுநிலை ஒரு டிகிரி குறைஞ்சாலே அதிகம், அதனால அந்த விளக்கம் போதாது. 1850லயே ஃபாரடே வேற ஒண்ணு சொன்னார். ஐஸோட மேல்பரப்புல எப்பவுமே திரவம் மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்குன்னு. ரெண்டு ஐஸ்கட்டியை ஒட்ட வெச்சா ஒண்ணா சேர்ந்துக்குதே, அதை வெச்சு அப்படி ஊகிச்சார். 1939ல போடனும் ஹியூஸும் உராய்வுச் சூட்டுல உருகறது தான் முக்கியக் காரணம்னு காட்டினாங்க. 2018ல டேனியல் போன், மிஷா போன்னு ரெண்டு சகோதரர்கள் தங்கள் குழுவோட அளந்து பார்த்ததுல, எஃகு உருண்டை ஐஸ் மேல ரொம்ப வழுக்கறது மைனஸ் 7 டிகிரி பக்கத்துல, குளிர் ஏற ஏற உராய்வு கூடிக்கிட்டே போகுதுன்னு வந்துது. ஸ்கேட்டிங் மைதானத்துல ஐஸை ஏறக்குறைய அந்த வெப்பநிலையில வெச்சிருக்கறது சும்மா இல்ல!

நம்ம ரப்பர் டயருக்கு நிலைமை இன்னும் மோசமா இருக்கறது பூஜ்ஜியம் டிகிரி பக்கத்துல, ஐஸ் மேல தண்ணி நிக்கும்போது. மைனஸ் 20ல இறுகின பனி மேல ரப்பர் நல்லாவே பிடிக்கும்.

இப்ப சைக்கிளுக்கு வருவோம். நாலு சக்கர வண்டி வழுக்கினா ஓரமா போய் இடிக்கும், ஆனா நின்னபடி இருக்கும். சைக்கிள் நிக்கறதே ஹாண்டிலை இடதும் வலதுமா நுணுக்கமா திருப்பிக்கிட்டே இருக்கறதால தான். அந்தத் திருப்பலுக்கு முன்சக்கரம் பக்கவாட்டுல ரோட்டைப் பிடிக்கணும். பிடிப்பு போச்சுன்னா அரை நொடியில தரை.

ஒரு சின்னக் கணக்கு. காய்ஞ்ச தார் ரோட்டுல உராய்வுக் குணகம் சுமாரா 0.7, ஈர ஐஸ்ல 0.1ன்னு வெச்சுக்குவோம்.

- வளைவுல அதிகபட்சம் சாயக்கூடிய கோணம்: தார்ல 35 டிகிரி, ஐஸ்ல 6 டிகிரி கூட இல்ல.
- மணிக்கு 15 கி.மீ வேகத்துல திரும்பக்கூடிய வளைவோட ஆரம்: தார்ல ரெண்டரை மீட்டர், ஐஸ்ல கிட்டத்தட்ட 18 மீட்டர்.
- அதே வேகத்துல நிக்கத் தேவையான தூரம்: தார்ல ஒண்ணேகால் மீட்டர், ஐஸ்ல 9 மீட்டர். இதுவும் பிரேக்கைச் சரியா பிடிச்சா தான்.

18 மீட்டர் ஆரத்துல திரும்பற தெருமுனை எந்த ஊர்ல இருக்கு? வேகத்தை 10 கி.மீ ஆக்கினா ஆரம் 8 மீட்டரா குறையும், ஏன்னா வேகத்தோட வர்க்கம் தான் கணக்குல வருது. பனியில சைக்கிள் ஓட்டற பாட்டிமார் எல்லாரும் பாடமே படிக்காம கண்டுபிடிச்ச உண்மை இது: மெதுவா போ, திரும்பறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறை, திரும்பும்போது பிரேக்கைத் தொடாதே.

ஆணி அடிச்ச டயர்

ரெண்டாவது பதில், டயர். இதுல முன்னோடி பின்லாந்து. அங்க நோக்கியா ஊர்ல இருந்த ரப்பர் கம்பெனி 1934ல லாரிக்கு, 1936ல காருக்குன்னு தனியா குளிர்கால டயர் கொண்டுவந்துது. ஹக்கபெலீட்டாங்கற பேர் அப்ப இருந்து இன்னைக்கு வரைக்கும் அங்க பிரபலம். (செல்போன் நோக்கியாவுக்கும் இதுக்கும் பூர்வீகம் ஒண்ணு. அது தனிக்கதை.) 1961ல அதே பேர்ல ஆணி பதிச்ச டயர் வந்துது.

கார்ல ஆணி டயர் பரவினதும் ஒரு பக்கவிளைவு. கோடிக்கணக்கான ஆணிகள் ரோட்டைச் சுரண்டித் தள்ளுச்சு. தார் தேஞ்சு பள்ளம் ஆச்சு, அந்தத் தூசி காத்துல கலந்துது. மேற்கு ஜெர்மனி 1975ல கார்களுக்குத் தடை போட்டுது. ஜப்பான் 1990ல சட்டம் கொண்டுவந்துது. ஜப்பானோட வடக்குல சப்போரோ நகரத்துல தூசி குறைஞ்சுது. ஆனா ஆணி இல்லாத டயர்கள் சிக்னல்ல நின்னு நின்னு கிளம்பினதுல பனி தேய்ச்சு மெருகேத்தின கண்ணாடியா மாறிச்சு. அதுல வழுக்கி விழுந்தது நடந்து போனவங்க. தெருமுனையில மணல் பெட்டி வெச்சு, 'நீங்களே தூவிக்குங்க'ன்னு நகராட்சி ஏற்பாடு பண்ண வேண்டி வந்துது. ஒருத்தரோட பிரச்சினையைத் தீர்க்கப் போய் இன்னொருத்தர் தலையில இறக்கி வைக்கறதுக்கு நல்ல உதாரணம் இது. பின்னாடி மறுபடி இந்த இடத்துக்கு வருவோம்.

சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்ல. எடை குறைவுங்கறதால ரோடு தேயறது ரொம்பக் கம்மி. ரொம்ப நாள் வரைக்கும் ஆர்வலர்கள் பழைய டயர்ல உள்ள இருந்து வெளிய திருகாணியை முறுக்கி, ட்யூப் ஓட்டை ஆகாம இருக்க உள்ளுக்குள்ள இன்னொரு பட்டை வெச்சு, வீட்டுலயே பண்ணிக்கிட்டாங்க. கடையில கிடைக்கற நல்ல டயர்ல ஆணியோட நுனி டங்ஸ்டன் கார்பைட். வெறும் எஃகு ஆணியா இருந்தா பனி இல்லாத தார்ல ஓட்டும்போது சீக்கிரம் மழுங்கிடும். காசு ஒரு டயருக்குத் தான் இருக்குன்னா அதை முன்சக்கரத்துக்குப் போடணும். பின்சக்கரம் வழுக்கினா சமாளிக்க நேரம் இருக்கும், முன்சக்கரம் வழுக்கினா இருக்காது.

இன்னொரு பக்கம் அலாஸ்காவுல பழைய தங்கத்தடத்து நினைப்பு மறுபடி எழுந்துது. 1987ல இடிட்டராட் நாய்வண்டித் தடத்துல சைக்கிள் பந்தயம் ஆரம்பிச்சாங்க. சாதா டயர் பனியில புதையுதுன்னு ரெண்டு ரிம்மை ஒண்ணா வெல்டு வெச்சு அகலமாக்கிப் பார்த்தாங்க. அந்தச் சோதனைகள் வளர்ந்து 2005ல சர்லி கம்பெனியோட பக்ஸ்லி சைக்கிளா கடைக்கு வந்துது, 3.7 அங்குல டயரோட. இன்னைக்கு நம்ம ஊர் பசங்க மெரினா பக்கம் ஓட்டற குண்டு டயர் சைக்கிளோட தாத்தா ஊர் அலாஸ்கா தான் :-)

ஆனா குண்டு டயர் பஞ்சுப்பனிக்குத் தான். கண்ணாடி ஐஸ்ல அகலத்தால பிரயோஜனம் இல்ல, ஆணி தான் வேணும். அந்த ஆணியும் உறைஞ்ச தடத்துல சக்கரம் மாட்டினா முழுசா காப்பாத்தாது. டயர் பாதிப் பதில் தான்.

கணக்குல வராத விழுகை

மீதிப் பாதிக்கு சுவீடன் போகணும். அங்க ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. விபத்துக் கணக்கைப் போலீஸ்கிட்ட மட்டும் இல்லாம ஆஸ்பத்திரி அவசரப்பிரிவுல இருந்தும் சேகரிச்சாங்க. கார் மோதினா போலீஸ் வரும். தானா வழுக்கி விழுந்தவன் போலீஸைக் கூப்பிடுவானா? ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவான், இல்ல நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போவான்.

ஆஸ்பத்திரிக் கணக்கு சேர்ந்ததும் படம் தலைகீழா மாறிச்சு. காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த சைக்கிள்காரங்கள்ல பத்துல எட்டுப் பேர் யார் மேலயும் மோதாம தனியா விழுந்தவங்க. அதுல பெரிய பங்கு ரோட்டோட நிலைமையால: ஐஸ், பனி, சிதறிக் கிடந்த ஜல்லி, பள்ளம். அதுவரைக்கும் இது 'அவனவன் கவனக்குறைவு'. இப்ப அது பராமரிப்புப் பிரச்சினை. விழுந்தவங்க அதே ஆட்கள், விழுந்த இடமும் அதே. யார் கணக்கெடுத்தாங்கங்கறது மட்டும் தான் மாறிச்சு.

சுவீடன்ல அன்னா பெர்க்ஸ்ட்ரோம்னு ஒரு பொறியாளர் (பின்னாளில் அன்னா நிஸ்கா) இதையே ஆராய்ச்சியா எடுத்து 2002ல முனைவர் பட்டம் வாங்கினார். லின்ஷோபிங், லூலியோங்கற ரெண்டு ஊர்கள்ல வேலைக்குப் போறவங்ககிட்ட கேட்டு, சைக்கிள் பாதையைக் குளிர்காலத்துல ஒழுங்கா பராமரிச்சா குளிர்கால சைக்கிள் பயணங்களை 18 சதவீதம் வரை கூட்டலாம், கார் பயணங்கள் 6 சதவீதம் குறையலாம்னு கணக்குப் போட்டார். 2003ல இது ஆய்விதழ்ல வந்துது.

பராமரிக்கறதுன்னா எப்படி? வழக்கமான முறை, இரும்புத் தகட்டால பனியைத் தள்ளிட்டு ஜல்லித்தூள் தூவறது. தகடு தரையை முழுசா சுரண்டாது. அடியில மெல்லிசா மிஞ்சறது பகல்ல உருகி ராத்திரி உறைஞ்சா கண்ணாடி ஐஸ். தூவின ஜல்லியோ வசந்தம் வந்ததும் காய்ஞ்ச தார் மேல உருளைக்குண்டு மாதிரி கிடந்து, வளைவுல சைக்கிளைச் சாய்க்கும். மருந்தே நோயா மாறின கதை!

இதுக்கு மாற்றா சுவீடன்ல சோதிச்சுப் பரவினது துடைப்பமும் உப்பும். முன்னாடி சுழலற பெரிய தூரிகை பனியைத் தார் தெரியற வரைக்கும் பெருக்கும், பின்னாடியே உப்புக்கரைசலைத் தெளிச்சுக்கிட்டுப் போகும். குளிர்காலத்துலயும் கருப்புத் தார். செலவு கூட, செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், நாய் வளர்க்கறவங்க பாதம் எரியுதுன்னு திட்டுவாங்க. ஆனா வெப்பநிலை பூஜ்ஜியத்தைச் சுத்தி ஊசலாடற ஊர்களுக்கு இது பொருந்தும். ரொம்பக் குளிர்ல உப்பு வேலை செய்யாது. சாதா உப்புக்கரைசல் தத்துவப்படி மைனஸ் 21 வரைக்கும் தாங்கினாலும், நடைமுறையில மைனஸ் 10 தாண்டினாலே பலன் குறைஞ்சுடும்.

ஔலு சொல்ற பாடம்

அப்ப ரொம்பக் குளிர் ஊர்ல என்ன பண்றது? பின்லாந்தோட ஔலு நகரம். ஆர்க்டிக் வட்டத்துக்கு சுமார் 170 கி.மீ தெற்கே இருக்கு. ஜனத்தொகை 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. டிசம்பர்ல சூரியன் தலைகாட்டறது மூணரை மணி நேரம் தான். 1970களோட ஆரம்பத்துலயே கார் ரோட்டுல இருந்து தனியா நடை, சைக்கிள் பாதை வலைப்பின்னலுக்குத் திட்டம் போட்டு, அரை நூற்றாண்டா விடாம கட்டிக்கிட்டே வந்தாங்க. இப்ப 900 கி.மீக்கு மேல பாதை, பெரிய ரோடுகளுக்கு அடியில நூத்துக்கணக்குல சுரங்கவழி. வருஷம் முழுக்க எடுத்தா அஞ்சுல ஒரு பயணம் சைக்கிள்ல. குளிர்காலத்துல மட்டும் பார்த்தாலும் சுமார் 12 சதவீதம். மெட்சோகங்காஸ்னு ஒரு பள்ளிக்கூடத்துல சுமார் 1,200 பிள்ளைங்கள்ல 1,000 பேர் மைனஸ் 17 டிகிரி காலையிலயும் சைக்கிள்ல வந்தது உலகம் பூராவும் செய்தியாச்சு. அந்தப் பிள்ளைங்க எல்லாம் எட் ஜெஸ்ஸன் பரம்பரையா என்ன? இல்ல. ஊரே அவங்களுக்குத் தடம் அழுத்திக் கொடுத்திருக்கு.

அங்க பனியை முழுசா அகத்தறதில்ல. ஒரு அடுக்கை விட்டு வெச்சு, பல்லு வெச்ச தகட்டால கோடு கோடா கீறி, இறுகின தளமா வெச்சுக்கறாங்க. முக்கியப் பாதைகளை ஜனங்க வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சுடணும். நான் மேல சொன்ன நாலு வகையில ரெண்டாவது வகைப் பனியைத் தெரிஞ்சே உற்பத்தி பண்றாங்க. யூக்கான் ஆத்து நாய்த்தடம் தற்செயலா கொடுத்ததை இவங்க ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கறாங்க, அவ்வளவு தான் வித்தியாசம். 2013 பிப்ரவரில உலகக் குளிர்கால சைக்கிள் மாநாடு ஔலுல தான் தொடங்குச்சு. அடுத்தடுத்த வருஷங்கள்ல வின்னிபெக், லீயுவார்டன், மினியாபொலிஸ்னு சுத்தி வந்துது.

எதை முதல்ல தள்ளறது?

துடைப்பம், உப்பு, பல்லுத் தகடு எல்லாம் இருந்தாலும் கடைசியில ஒரு கேள்வி மிச்சம். ராத்திரி 20 சென்டிமீட்டர் கொட்டிடுச்சு. வண்டிகள் குறைவு, விடிய நாலு மணி நேரம் இருக்கு. எதை முதல்ல சுத்தம் பண்றது?

பெரும்பாலான ஊர்ல யாரும் யோசிக்காமலே ஒரு வரிசை இருந்துது: நெடுஞ்சாலை, பெரிய ரோடு, சின்ன ரோடு, கடைசியா நடைபாதையும் சைக்கிள் பாதையும். சில ஊர்ல பெரிய ரோட்டுப் பனியைத் தள்ளிக் கொட்டற இடமே சைக்கிள் பாதை தான்.

2011ல சுவீடனோட கார்ல்ஸ்கூகாங்கற சின்ன ஊர்ல நகராட்சியோட ஒவ்வொரு முடிவையும் ஆண், பெண் ரெண்டு பேருக்கும் எப்படிப் பலனளிக்குதுன்னு அலசினாங்க. பனி தள்ளறதுல என்ன ஆண் பெண்ணுன்னு முதல்ல சிரிச்சிருக்காங்க. அலசிப் பார்த்தா, காலையில கார்ல போறவங்கள்ல ஆண்கள் அதிகம். நடந்தும் சைக்கிள்லயும் பஸ்லயும், குழந்தையைப் பள்ளியில விட்டுட்டுப் போறவங்கள்ல பெண்கள் அதிகம். பனியில விழுந்து அடிபடறதுலயும் கார்ல இருக்கறவங்களை விட நடக்கறவங்க தான் பல மடங்கு. பத்து சென்டிமீட்டர் பனியில கார் எப்படியோ உருண்டு போயிடும், சைக்கிளையும் தள்ளுவண்டியையும் தள்ள முடியாது. அதனால வரிசையை மாத்தினாங்க. குழந்தைகள் காப்பகத்தைச் சுத்தின வழி, நடைபாதை, சைக்கிள் பாதை முதல்ல. பெரிய ரோடு அப்புறம். மொத்தச் செலவு கூடல.

இதைப் பின்பத்தி ஸ்டாக்ஹோமும் அறிவிச்சுது. ஆனா 2016 நவம்பர்ல அங்க ஒரே நாள்ல 39 சென்டிமீட்டர் கொட்டினது. நவம்பர் மாசத்துல 1905க்கு அப்புறம் அவ்வளவு பனி கிடையாது. பஸ் நின்னுபோச்சு, ரோடு அடைச்சுது, சைக்கிள் பாதையும் தெரியல, நடைபாதையும் தெரியல. 'பெண்ணியப் பனி தள்ளல்'னு உலகம் பூராவும் கேலி. எனக்குப் பட்டது, தோத்தது வரிசை இல்ல. காகிதத்துல வரிசையை மாத்திட்டு, குறுகலான பாதையில ஓடற சின்ன வண்டிகளும் ஆளும் தயாரா இல்லாம இருந்தா எந்த வரிசையும் தோக்கும். பழைய வரிசைல பஸ் நின்ன நாட்கள் இல்லையா என்ன? அப்பல்லாம் யாரும் அந்த வரிசைக்குப் பேர் வெச்சுக் கேலி பண்ணல. ஏன்னா அதுக்குப் பேரே கிடையாது, அது 'வழக்கம்'.

சப்போரோ கதையும் இதே தான். பனியில ஏதோ ஒரு பக்கம் ஆபத்து குறைஞ்சா, அது இன்னொரு பக்கம் போய் உக்காந்திருக்கான்னு தேடிப் பார்க்கணும். பெரும்பாலும் குரல் கம்மியா இருக்கறவங்க பக்கத்துல தான் போய் உக்காந்திருக்கும்.

இப்ப ஓட்டறவங்களுக்கு

நகராட்சி திருந்தற வரைக்கும் எலும்பு காத்திருக்காதே! குளிர் தேசத்துல இருக்கற, புதுசா ஓட்ட நினைக்கற நண்பர்களுக்குச் சுருக்கமா:

- முன்சக்கரத்துக்காவது ஆணி டயர். காத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க.
- சீட்டை ரெண்டு விரற்கடை இறக்குங்க. கால் தரையில எட்டணும்.
- ஐஸ் மேல ஏறிட்டா ஒண்ணுமே பண்ணாதீங்க. திருப்பாதீங்க, பிரேக் போடாதீங்க, மிதிக்காதீங்க. நேரா உருண்டு போய்க் கடந்துடுங்க.
- பிரேக் பின்னாடி மட்டும், மெதுவா. ரிம் பிரேக் ஈரப்பனியில வழுக்கும். பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கற ஹப் பிரேக் நல்லது. அது 1900ஐ ஒட்டி வந்த பழைய சமாச்சாரம், பனிக்கு இன்னைக்கும் நல்லாவே உதவுது.
- பாலம், மரநிழல், சாக்கடை மூடி, ரோட்டுல வெள்ளைப் பெயிண்ட் அடிச்ச இடம். இதெல்லாம் முதல்ல வழுக்கற இடங்கள். பாலத்துக்கு அடியிலயும் காத்து போறதால மத்த ரோட்டுக்கு முன்னாடி உறைஞ்சுடும்.
- மைனஸ் 15ஐப் பார்த்து பயப்படாதீங்க. நேத்து பிளஸ் 2, ராத்திரி மைனஸ் 3ன்னு வானிலை சொல்லுச்சா? அன்னைக்கு பஸ்ல போங்க.
- எங்க விழுந்தீங்கன்னு நகராட்சிக்கு எழுதிப் போடுங்க. ஆஸ்பத்திரிலயும் வழுக்கி விழுந்தேன்னு மட்டும் சொல்லாம, எந்தப் பாதையில, என்ன நிலைமையிலன்னு சொல்லி எழுத வைங்க.

கடைசி வரி தான் இந்தப் பட்டியல்ல எனக்கு ரொம்ப முக்கியம். நான் படிச்ச வரைக்கும், கணக்குல வந்த விழுகைக்குத் தான் துடைப்பம் வந்திருக்கு. கணக்குல வராதது எல்லாம் 'பார்த்து ஓட்டியிருக்கலாம்ல?'ங்கறதோட முடிஞ்சுடுச்சு.

இது பனி தேசத்துக்கு மட்டும் உண்டான விஷயமும் இல்ல. மழை நாள்ல வழுக்கற வெள்ளைக்கோடும், மணல் சேர்ந்த வளைவும் நம்ம ஊர்லயும் தான் இருக்கு. அதுல தனியா விழற டூவீலர்காரர் எந்தப் பேரேட்டுல வர்றார்னு யோசிச்சுப் பாருங்க.

பி.கு: கண்ணுக்குத் தெரியாத அந்த நாலாவது வகைக்கு 'கண்ணாடி ஐஸ்'னு நானா ஒரு பேர் வெச்சிருக்கேன். டொரண்டோ, ஆஸ்லோ பக்கம் இருக்கற நண்பர்கள் வீட்டுல இதைத் தமிழ்ல என்னன்னு சொல்றீங்க? நல்ல வார்த்தை இருந்தா சொல்லுங்க, மாத்திடறேன்.